நூற்றெண்பது ஜிபி பூஜ்யம்

பழைய தகவலை அழிக்கச் சொல்லிப் பதினோரு நிமிடம் ஆகியும் கம்ப்யூட்டர் அழித்துக்கொண்டேதான் இருந்தது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் எண், திரையின் வலது மூலையில், தொண்ணூற்றேழில் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறு ஆகும். பிறகு தொண்ணூற்றைந்து. மத்தியானச் சாப்பாட்டுக்குள் தொண்ணூறுக்கு வந்துவிடும். மூன்று மணிக்கு மீட்டிங்கில் போய் உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் பேசட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

எண் ஒருமுறை துடித்து மாறியது. தொண்ணூற்றெட்டு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தொண்ணூற்றெட்டுதான்.

நான்கு மேசை தள்ளி மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. மூன்று மணி மீட்டிங்குக்கான படங்களை வரைந்துகொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அந்த முணுமுணுப்பு இரண்டு வருஷமாக அவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததும் அவரேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

நகரப் பேருந்து நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அலுவலகம் அது. ஐந்தாவது மாடி. ஆயிரத்து நானூறு பேருந்துகள் பத்து விநாடிக்கு ஒருமுறை தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். சொன்னது அத்தனையும் ஒரே டேட்டாபேஸில் வந்து விழும். நிறுத்தங்களில் ‘இன்னும் ஆறு நிமிடம்’ என்று மின்னும் பலகைகள் அங்கிருந்துதான் படிக்கின்றன. எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்பதையும் அதுவே சொல்கிறது. டிஸ்க் நூறைத் தொட்டால் எழுத இடம் இருக்காது. பலகைகள் இருண்டுவிடும். ஓட்டுநர்கள் பணிமனை வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அவருக்கு அங்கே பரண் சார் என்று பெயர். பள்ளிப் படிப்போடு பணிமனையில் டிக்கெட் கட்டுகளை அடுக்கும் வேலைக்கு வந்தவர். டிக்கெட் கட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, பயந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிச் சாப்பாட்டு வேளைகளில் வரிக்கு வரி கோடு போட்டுப் படித்து, டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவர் ஆனார். இப்போது வயது ஐம்பத்திரண்டு. எதையும் தூக்கிப் போடாத சுபாவம். ஒரு பஸ் பத்து வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு எந்தத் திருப்பத்தில் நின்றது என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். யாரும் கேட்டதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் முதல்முறை டிஸ்க் நிரம்பியபோது, அலுவலகமே அவர் நாற்காலியைச் சுற்றி நின்றது. அவர் ஏதோ தட்டினார். நூறு ஜிபி இடம் வந்தது. எப்படி என்று கேட்டதற்கு, “பரண்ல ஏறிப் பார்த்தேன், கொஞ்சம் இடம் கிடைச்சுது” என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயர். அதற்குப் பிறகு மூன்று தடவை நிரம்பியது. மூன்று தடவையும் அவர் இடம் செய்தார். அதை வைத்து மூன்று வாரம் ஓட்டுவார்கள், அதற்குள் புது டிஸ்க் வந்துவிடும். பரண் சார் கை வைத்தால் இடம் வரும் என்று காவலாளிகூடச் சொல்வார்.

எப்படி வருகிறது என்று மனைவிக்குக்கூடத் தெரியாது. வெறும் பூஜ்யங்களால் ஒரு ஃபைல் செய்து, ‘பழைய பதிவு 7’ என்று பார்த்தாலே கொட்டாவி வருகிற ஒரு பெயர் வைத்து, டிஸ்கின் மூலையில் போட்டு வைத்திருந்தார். அதற்குள் ஒன்றுமே கிடையாது. இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அதன் வேலை. ஆபத்து வரும்போது அதில் ஒரு துண்டை வெட்டி எறிவார். புது டிஸ்க் வந்ததும் திரும்ப வளர்த்துவிடுவார். இப்போது அது நூற்றெண்பது ஜிபி இருந்தது. ராத்திரியோ பகலோ, அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பு அவருக்குச் சட்டைப் பைக்குள் கைக்குட்டை மாதிரி.

இந்தத் தடவை தொண்ணூற்றேழு ஆனபோது, யாரும் அவர் நாற்காலியைச் சுற்றி நிற்கவில்லை.

மேலாளர் போன வாரம் நேராக மச்சினனிடம் போய், “உங்களுக்கு ஏதாவது தோணுதா?” என்று கேட்டார். ‘உங்களுக்கு’. அவன், “ரெண்டு நாள் குடுங்க மேடம், பார்த்துச் சொல்றேன்” என்றான். இரண்டாம் நாளே பார்த்துவிட்டான். ஒவ்வொரு மாதத்தின் தகவலையும் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து வைத்துவிட்டால், பழைய மாதம் வேண்டாம் என்றால் பெட்டியோடு தூக்கிவிடலாம் என்றான். அது சரி. அதற்கு முதலில் கையில் கொஞ்சம் இடம் வேண்டும். அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தான். அந்த வழிதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் ஒரு இன்டெக்ஸ் கட்டினார். புத்தகத்தின் பின்பக்கம் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அட்டவணை போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. எந்த வண்டி எந்த இடத்தில் அதிக நேரம் நின்றது என்று தேட நாற்பது நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து அவர் கட்டிய பிறகு இரண்டு விநாடி. அப்போதைய மேலாளர் எழுந்து வந்து கை கொடுத்தார். அந்தக் கையை அன்று முழுக்க அவர் பத்திரமாக வைத்திருந்தார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

“அத்தான், உங்க இன்டெக்ஸ் முந்நூத்திப் பத்து ஜிபி இருக்கு” என்றான் மச்சினன், வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வரவேற்பறையில். அலுவலகத்தில் சார், வீட்டில் அத்தான். அந்த மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. “எத்தனை தடவை யார் படிச்சாங்கன்னு சர்வரே கணக்கு வெச்சிருக்கும்ல, பார்த்தேன். நாலு வருஷமா பூஜ்யம்.”

“நாலு வருஷமாவா?”

“அதுல தேடிட்டிருந்த பிரிவுக்கு வேற சாஃப்ட்வேர் வந்துடுச்சு போல. நம்மகிட்ட யாரும் சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவை பஸ் பேசும்போதும் அதுலயும் ஒரு வரி எழுதிட்டே இருக்கு, பாவம்.”

“அப்ப எடுத்துடு. அதுக்கென்ன” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. அவளுக்கு இன்டெக்ஸ் என்றால் என்ன என்று தெரியாது. தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது தெரியும்.

“உன்னை யாரும் கேக்கல” என்றார் அவர்.

“கேக்க மாட்டீங்க. வேண்டாத சாமானை எடுன்னா உங்களுக்கு எங்க மனசு வரும். கட்டிலுக்கு அடியில மூணு ரேடியோ இருக்கு, ஒண்ணும் பேசாது.”

மச்சினன் சிரித்தான். அவரும் சிரிக்க வேண்டியிருந்தது. பல்லைக் காட்டினார் என்று சொல்லலாம்.

அவள் தினமும் இரண்டு சாப்பாட்டு டப்பா கட்டுவாள். மச்சினன் சைக்கிளில் வருகிறவன் என்பதால் இரண்டையும் அவர்தான் பஸ்ஸில் சுமந்து வர வேண்டும். அவருடையது சிவப்பு. அவனுடையது நீலம். பஸ் நெரிசலில் நிற்கும்போது ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். நீலம்தான் கனம். ஒருநாள் பணிமனைத் தராசில் வைத்தே பார்த்தார். அறுபது கிராம் கூடுதல். மூடிக்கு இரண்டு ரப்பர் பேண்டு வேறு, சிவப்புக்கு ஒன்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது. ஐம்பத்திரண்டு வயதில், அறுபது கிராமுக்காக வயிறு எரிகிறது என்று சொன்னால் எதிரில் இருப்பவன் எழுந்து போய்விடுவான்.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்கு வெளியே அவர் நின்றபோது, உள்ளே மேலாளர் போனில் பேசுவது கேட்டது. “நாளைக்கு மூணு மணிக்கு அவர் பிளான் காட்டறார். சரியா இருந்தா டேட்டாபேஸை இனிமே அவர் பொறுப்புலயே விட்டுடலாம்னு இருக்கேன். பரண் சாருக்கும் வயசாகுது, பாவம்.”

பாவம். இன்டெக்ஸும் பாவம், அவரும் பாவம்.

அன்றிரவு அவர் மனசில் ஒன்று முடிவாயிற்று. மூன்று மணிக்கு முன்னால் இடம் செய்துவிட வேண்டும். ஃபைலை வெட்டிப் பிரயோஜனமில்லை. நூற்றெண்பதில் எவ்வளவு வெட்டினாலும் மச்சினன் காட்டப்போகும் முந்நூற்றுப் பத்துக்கு முன் அது எடுபடாது. பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும். முதல் ஐந்து வருஷத்துத் தகவலை அழித்துவிடலாம். எதையும் தூக்கிப் போடாத பரண் சாரே தன் கையால் அழித்துவிட்டார் என்றால், அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்.

எப்படி அழிப்பது என்று செங்கல் புத்தகத்தில் எப்போதோ கோடு போட்டிருந்தார். அழித்துப் பழக்கமில்லை. இருபது வருஷத்தில் ஒரு வரியைக்கூட அழித்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய். செவ்வாய் காலை பத்தே முக்காலுக்கு, ஐந்து வருஷத்தையும் ஒரே மூச்சில் அழிக்கச் சொல்லிவிட்டு, கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தொண்ணூற்றெட்டு, இருபதாவது நிமிடத்தில், தொண்ணூற்றெட்டரை ஆனது.

மச்சினனின் முணுமுணுப்பு நின்றது. முதலில் அதுதான் அவருக்குக் கேட்டது. தலையைத் திருப்பாமலே தெரிந்தது: அவன் திரையில் எச்சரிக்கை வந்திருக்கும், சர்வரில் என்னென்ன வேலை ஓடுகிறது என்று பட்டியல் எடுப்பான், மேலே முதல் வரியில் ஒரு பெயர் இருக்கும்.

நாற்காலி நகர்ந்தது. அவன் நடந்து வந்து அவர் மேசைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான், கீழே விழுந்த பேனாவைத் தேடுகிறவன் மாதிரி.

“அத்தான்” என்றான் மெதுவாக.

அலுவலகத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல்முறை.

“என்ன?”

“ஒரு டெலீட் ஓடுதே. உங்களோடதா?”

“ஏன், நான் ஓட்டக்கூடாதா?”

“ஒரே அடியா அஞ்சு வருஷமா?”

“இடம் வரட்டுமேன்னுதான்.”

“வராது, அத்தான். பாசஞ்சர் இறங்கினா சீட்டு பஸ்ஸோடதான் இருக்கும், நம்ம வீட்டுக்கா வரும்? தகவல் இருக்கிற டேபிள் அந்த இடத்தைத் தானே வெச்சுக்கும். அதோட, எதை அழிக்குதோ அதை முதல்ல லாக்ல எழுதி வெச்சுட்டுத்தான் அழிக்கும், நடுவுல நின்னா திருப்பி வைக்கணுமே. அந்த லாக்தான் இப்ப ஊதிட்டிருக்கு.”

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் முதலில் உறைத்தது, டிஸ்க் அல்ல.

“நிறுத்திடறேன்” என்றார்.

“நிறுத்தினா இதுவரைக்கும் அழிச்சதையெல்லாம் திருப்பி வைக்க ஆரம்பிக்கும். அதுக்கும் கொஞ்சம் இடம் வேணும். இப்ப நாற்பது, அம்பது ஜிபிதான் மிச்சம். பத்தாது.” மச்சினன் எழுந்து மேலாளர் அறையைப் பார்த்தான். “இன்டெக்ஸை இப்பவே எடுத்துடலாம். மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். நாலு விநாடி வேலை, முந்நூத்திப் பத்து வந்துடும். ஒண்ணும் பயப்படாதீங்க.”

ஒண்ணும் பயப்படாதீங்க. அவன் முகத்தில் கேலி இல்லை, கெட்டிக்காரத்தனம்கூட இல்லை. அக்கறை இருந்தது. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. மேலாளர் அறைக்குள் அவன் போவான். ‘ஒரு சின்னப் பிரச்சினை மேடம், நான் சரி பண்ணிடறேன்’ என்பான். அவர் கட்டியதை அவன் இடித்து, அந்த இடிபாட்டைக் கொண்டு அவரையே காப்பாற்றுவான். மேலாளர் எழுந்து வந்து கை கொடுத்தாலும் கொடுப்பார்.

“நில்லு” என்றார்.

“தொண்ணூத்தொம்பது ஆகப் போகுது.”

“நில்லுன்னா நில்லு.”

டெலீட்டை நிறுத்தினார். பிறகு அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலைக்குப் போனார். ‘பழைய பதிவு 7’. துண்டு வெட்டவில்லை. முழுசாக நீக்கினார். எண் தொண்ணூற்றொன்பதைத் தொட்டு, அப்படியே தொண்ணூற்றைந்துக்கு இறங்கியது. ஒரு விநாடி.

மச்சினன் திரையை நோக்கிக் குனிந்தான்.

“என்ன ஃபைல் அது?”

“சும்மா ஒரு ஃபைல்.”

“நூத்தியெண்பதும் சும்மாவா?”

“உள்ள ஒண்ணும் இல்ல.”

மச்சினன் அவரைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். கணக்கு அவன் முகத்தில் ஒவ்வொரு வரியாக ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்: பதினோரு வருஷம், நான்கு தடவை, பரண்.

“நாலு தடவையும் இதுதானா?”

அவர் தலையசைத்தார்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். “அத்தான், நீங்க பெரிய ஆளு” என்றான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான் என்பது தெரிந்தது. அவர் காது மடல் சுட்டது.

மூன்று மணி மீட்டிங்கில் மேலாளர் முதலில் கேட்டது காலையில் என்ன ஆயிற்று என்பதைத்தான். தொண்ணூற்றொன்பது வரை போய் இறங்கியதைத் தன் அறையிலிருந்தே பார்த்திருந்தார். பரண் சார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் காலையிலிருந்து தயாராக இருந்தது. இப்போது அது எதற்கும் பொருந்தவில்லை.

“பழசை அழிச்சுப் பார்த்தா எவ்வளவு லாக் வளருதுன்னு ஒரு டெஸ்ட் ஓட்டினோம் மேடம்” என்றான் மச்சினன். “கொஞ்சம் கூடுதலா வளர்ந்துடுச்சு. நல்லவேளை, சார் அவசரத்துக்குன்னு ஒரு வெத்து ஃபைல் ஒதுக்கி வெச்சிருந்தார். அதை எடுத்தார், சரியாப் போச்சு.”

“வெத்து ஃபைலா?”

“இது ஒரு முறைதான் மேடம். நான் முன்னாடி வேலை பார்த்த ரெண்டு இடத்துலயும் வெச்சிருந்தாங்க. கப்பல்ல அடியில பாரம் வெக்கறது மாதிரி. நிறைய பேர் பண்ணுவாங்க.”

மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். “அப்ப முன்னாடி எல்லாம் நீங்க இடம் பண்ணினது...”

“அதேதான்” என்றார் அவர்.

“ஓ” என்றார் மேலாளர். கோபமில்லை. மந்திரவாதியின் தொப்பிக்கு அடியில் மேசையில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொண்ட குழந்தையின் ‘ஓ’ அது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “நல்ல பழக்கம். எழுதியே வெச்சிடுங்க, எல்லாருக்கும் தெரியட்டும்.”

நிறைய பேர் பண்ணுவாங்க. பதினோரு வருஷமாக அவர் தன் மூளையில் உதித்தது என்று நினைத்துக் காத்து வந்தது, ஊரெல்லாம் செய்கிற காரியம். மாட்டிவிட்டிருந்தால்கூட அவனை மனசாரத் திட்டியிருக்கலாம். காப்பாற்றியே கவிழ்த்துவிட்டான், அதுவும் தெரியாமல்.

மச்சினன் படங்களைக் காட்டினான். இன்டெக்ஸ் வந்தபோது பேச்சை நிறுத்தி, “இதைப் பத்தி சார்தான் சொல்லணும்” என்றான்.

“இது யாருக்காவது தேவைப்படுதா, சார்?” என்றார் மேலாளர்.

அவர் வாயில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. மாதக் கடைசி அறிக்கைக்கு வேண்டும் என்று சொன்னால் போதும். மச்சினன் மறுத்துப் பேச மாட்டான். சர்வர் கணக்கைக் காட்டவும் மாட்டான். அவர் சொன்னதே சரி என்று விட்டுவிடுவான், இடம் கிடைக்காமல் அவன் பிளான் இரண்டு மாதம் தள்ளிப்போகும். அவன் அப்படி விட்டுக்கொடுப்பான் என்பது நிச்சயமாகத் தெரிந்ததால்தான் அவரால் சொல்ல முடியவில்லை. அதையும் அவனிடம் வாங்கிக்கொள்வதா.

“இல்ல” என்றார். “எடுத்துடலாம்.”

“அப்ப நாளையிலிருந்து ஆரம்பிங்க” என்றார் மேலாளர் மச்சினனிடம். “பொறுப்பு உங்களோடது. சார் கூட இருந்து பார்த்துக்கட்டும்.”

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோதே மனைவி முகம் மலர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றுமுன் டம்ளரில் டீ வந்தது. வழக்கமாகக் கேட்டால்தான் வரும்.

“தம்பி போன் பண்ணினான்” என்றாள். “இன்னிக்கு ஆபீசே கவிழ இருந்துச்சாமே. நீங்கதான் காப்பாத்துனீங்களாம். பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சு எடுத்து வெச்சிருந்தாராம் அக்கா, அத்தான் மாதிரி ஆளைப் பார்த்ததில்லங்கறான்.”

“அவன் அப்படியா சொன்னான்?”

“பின்ன? நீங்க எதைத்தான் வீட்ல வந்து சொல்லியிருக்கீங்க? அவன் சொல்லித்தான் எனக்கே தெரியுது.”

இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்தது எண்ணி இரண்டு தடவை இருக்கும். இது மூன்றாவது. அதையும் அவன்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவர் டீயைக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

“பொறுப்பை அவன்கிட்ட குடுத்துட்டாங்க” என்றார்.

“அதையும் சொன்னான். அத்தானுக்கு வருத்தமா இருக்குமோன்னு கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

“அவருக்கெல்லாம் அப்படிப் புத்தி கிடையாதுன்னு சொன்னேன்.”

மறுநாள் புதன்கிழமை. லிஃப்ட் ஓடவில்லை, அவர் படியேறி எட்டு ஐம்பதுக்கு வந்தார். ஒன்பதே காலுக்கு மச்சினன் இன்டெக்ஸை நீக்கினான். நான்கு விநாடி ஆனது. எண் எண்பத்தெட்டுக்கு வந்தது. பத்து மணிக்கு முதல் மாதத்தைப் பெட்டிக்கு நகர்த்த ஆரம்பித்தார்கள். அரைமணிக்கு ஒருமுறை அவர் எண்ணைப் படித்துச் சொன்னார், மச்சினன் எழுதிக்கொண்டான். எண் மாறவில்லை. முதல் வாரம் மாறாது என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். மத்தியானம் மேலாளர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றரைக்கு இரண்டாவது மாதம் முடிந்தது. நிறுத்தங்களின் பலகைகளில் குறை ஒன்றும் வரவில்லை. கீழே பணிமனையில் ஒரு பேருந்துக்குப் பின்சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. மச்சினன் சைக்கிளை அங்கேயே பூட்டிவிட்டு அவரோடு பஸ்ஸில் வந்தான். உட்கார ஒரு இடம்தான் இருந்தது. அவர் உட்கார்ந்தார்.